பழைய குடும்ப மில்லோட ரெக்கார்டுகளை எந்த அளவுக்கு நம்பலாம்?

கேள்வியை என் வார்த்தையில ஒரு தடவை திருப்பிச் சொல்லிடறேன், தப்பா புரிஞ்சிருந்தா திருத்துங்க. நாலு தலைமுறையா ஒரே குடும்பம் நடத்தி அப்புறம் மூடிட்ட ஒரு துணி மில்லோட பழைய ரெக்கார்டு 140 பெட்டி ஒரு ஆவணக் காப்பகத்துல இருக்கு, கேட்லாக்ல லெட்ஜர், கடிதப் புத்தகம், சம்பளப் புத்தகம், சாம்பிள் புத்தகம்னு போட்டிருக்கு, இதை வச்சு அந்த மில்லோட வரலாறை எழுத முடியுமான்னு கேட்டிருக்கீங்க. அதோட நிறுத்தியிருந்தா 'முடியும்'னு ஒரே வார்த்தையில சொல்லிட்டுப் போயிருப்பேன். ஆனா கடைசியில "எல்லாம் முதலாளி வீட்டு ஆளுங்க எழுதி வச்சதுதானே, அதுல வேலை செஞ்சவங்க எங்க இருக்கப்போறாங்க"ன்னு ஒரு வரி சேர்த்திருக்கீங்க பாருங்க, நிஜமான கேள்வி அதுதான். அந்த 140 பெட்டியில எதை நம்புறது, எதை எந்த அளவுக்கு நம்புறது.

நான் இருபது வருஷத்துக்கு மேல பழைய கம்பெனி பேப்பர்களைப் பிரிச்சு, தூசி தட்டி, கேட்லாக் போடுற வேலையில இருக்கேன், அதுல பாதிக்கு மேல துணி சம்பந்தப்பட்டது. எந்தக் காகிதம் கைக்கு வந்தாலும் நான் முதல்ல கேட்டுக்கறது ஒண்ணுதான், இதுல பொய் எழுதினா யாருக்கு நஷ்டம்? கணக்குப்பிள்ளை சம்பளப் புத்தகத்துல தொகையைக் கூட்டி எழுதினா முதலாளி பணம் போகும், அதனால தொகையை ஒருத்தருக்கு ரெண்டு பேர் சரிபாத்திருப்பாங்க, அதை நம்பலாம். அதே புத்தகத்துல ஒரு பையனோட வயசைக் கூட்டி எழுதினா முதலாளிக்கு லாபம், அதை அப்படியே நம்பக்கூடாது. ஒரே பக்கம், ஒரே கையெழுத்து, ஒரு நெடுவரிசை உண்மை, பக்கத்து நெடுவரிசை சந்தேகம். 'இந்தப் புத்தகம் நம்பகமானது'ன்னு மொத்தமா முத்திரை குத்துறவங்களைப் பாத்தா எனக்கு கொஞ்சம் பயமா இருக்கும்.

அதுக்கு முன்னாடி, அந்தப் பெட்டிகள் எப்படி அங்க வந்துச்சுன்னு பாத்துக்கணும், ஏன்னா மிஞ்சினது எல்லாம் யாரோ யோசிச்சு வச்சதுன்னு நெனச்சுக்கறோம், பெரும்பாலும் அப்படி இல்ல. இங்கிலாந்துல சாமுவேல் ஓல்ட்நோன்னு ஒருத்தர், மஸ்லின் நெய்யவச்சு பெரிய ஆளா வந்தவர், மெல்லார்ங்கிற ஊர்ல மில் கட்டினார். அவரோட பேப்பர் இருக்கிற விஷயமே யாருக்கும் தெரியாது. 1921ல அந்தப் பக்கம் ஒரு சாரணர் பையன் போறவங்க வர்றவங்களுக்கு பழைய சீட்டு ஒண்ணைக் கொடுத்துட்டு இருந்திருக்கான், பாத்தா 1780கள்ல நெசவாளிக்கு கூலி கொடுத்த சீட்டு, எங்கடா எடுத்தன்னு தேடிப் போனா ஒரு பழைய குதிரை லாயத்தோட மாடியில, பல இஞ்ச் தூசிக்குக் கீழ 1782லேர்ந்து 1812 வரைக்குமான கடிதமும் கணக்குப் புத்தகமும் குவியலா கிடந்திருக்கு. மில் 1892லயே எரிஞ்சு போச்சு, லாயத்தை யாரும் கூட்டிப் பெருக்காததால பேப்பர் தப்பிச்சது. இத்தாலியில பிராட்டோ ஊர்க்காரர் ஃபிரான்செஸ்கோ தாத்தீனி, 1410ல செத்தவர், கம்பளித் துணி கம்பெனியும் நடத்தின வியாபாரி, அவரோட சுமார் 150000 கடிதம் 1870ல படிக்கட்டுப் பக்கம் ஒரு இருட்டு மூலையில மூட்டையா கெடச்சுது. ரெண்டு கதையிலயும் யாரும் தேர்ந்தெடுக்கல. இதுக்கு நேர் எதிரா, குடும்பமே உக்காந்து பிரிச்சு, நூற்றாண்டு விழாவுக்கு மலர் போட்டுட்டு, அதுக்கு உதவினதை மட்டும் வச்சுகிட்டு மிச்சத்தைக் கொளுத்தின ஆர்கைவும் உண்டு. உங்க 140 பெட்டி எந்த ரகம்னு கேட்லாக்கோட முன்னுரையில 'இந்தத் தொகுப்பு வந்த விதம்'னு ரெண்டு பத்தி இருக்கும், எல்லாரும் தாண்டிப் போறது அதைத்தான், நீங்க அதை முதல்ல படிங்க. மில் நடுவுல வேற பெரிய கம்பெனியோட சேந்திருந்தா இன்னும் கவனம் வேணும். டெர்பிஷயர்ல ஸ்ட்ரட் குடும்பத்து மில்கள் நூறு வருஷத்துக்கு மேல குடும்பத்துகிட்ட இருந்துட்டு 1897ல இங்கிலிஷ் சூயிங் காட்டன் கம்பெனிக்குள்ள போச்சு. இந்த மாதிரி கைமாறும்போது வாங்குறவனுக்கு பத்திரமும் ஒப்பந்தமும் வேணும், முப்பது வருஷம் முன்னாடி யாரு எவ்வளவு கூலி வாங்கினாங்கிற புத்தகம் வேண்டாம், அதனால ஓட்டை விழுறது எப்பவும் தொழிலாளி பக்கம்தான்.

இப்ப பணக் கணக்கு. குடும்பக் கம்பெனின்னா கம்பெனிப் பணம் எது வீட்டுப் பணம் எதுன்னு ஒரு கோடு இருக்காது. பிரிட்டன்ல சாதாரண தொழிலுக்கு லிமிடெட் பொறுப்புங்கிறதே, அதாவது நஷ்டம் வந்தா போட்ட முதலோட போகும், சொந்த சொத்து போகாதுங்கிறது, 1855 சட்டத்துக்கு அப்புறம்தான், அதுக்கு முன்னாடி பார்ட்னர்ஷிப், பார்ட்னர்னா அண்ணன் தம்பி, மச்சான், மாமனார். அதனால ரொக்கப் புத்தகத்துல பஞ்சு வாங்கின வரிக்கு அடுத்த வரியில பொண்ணோட பியானோ பாடத்துக்கு ஃபீஸ் இருந்தா ஆச்சரியப்படாதீங்க, அது கலப்படம் இல்ல, அவங்களுக்கு அது ஒரே பை. இதுல தங்கம்னு நான் சொல்றது பிரைவேட் லெட்ஜர், பூட்டு போட்ட தோல் அட்டைப் புத்தகம், கணக்குப்பிள்ளை கண்ணுல படாம பார்ட்னர்ல ஒருத்தரே எழுதுவார், யாரு எவ்வளவு முதல் போட்டாங்க, வருஷத்துக்கு எவ்வளவு எடுத்தாங்க, முதலுக்கு வட்டி எவ்வளவு எல்லாம் அதுலதான். வெளியில யாருக்கும் காட்டறதுக்கு இல்ல, அண்ணன் தம்பி பங்கு பிரிக்க எழுதினது, பொய் எழுதினா கூடப் பொறந்தவனே கழுத்தைப் பிடிப்பான். ஆனா அதுலயும் ஒரு பொறி இருக்கு, அந்தக் காலத்து லாபம் இன்னைக்கு நாம சொல்ற லாபம் இல்ல, மெஷின் தேய்மானத்தை பல பேர் கழிக்கவே மாட்டாங்க, சில பேர் நல்ல வருஷத்துல மொத்தமா கழிப்பாங்க, அதனால 1830ல லாபம் ரெண்டு மடங்காச்சுன்னு எழுதறதுக்கு முன்னாடி கணக்கு போட்ட முறை மாறியிருக்கான்னு பாருங்க.

கல்யாணப் பத்திரத்தையும் உயிலையும் குடும்ப விஷயம்னு ஒதுக்கிடாதீங்க. பல மில்லுக்கு மெஷினை ஓட்டுற ரெண்டாவது தண்ணிச் சக்கரம் வாங்கின காசு மருமகள் கொண்டு வந்தது, ஆனா அவங்க பேரு லெட்ஜர்ல எங்கயும் வராது, கல்யாண செட்டில்மெண்ட் பத்திரத்துல மட்டும்தான் இருக்கும். இன்னும் கனமான உதாரணம் செஷயர்ல ஸ்டைல் ஊர்ல இருக்கிற குவாரி பேங்க் மில். சாமுவேல் கிரெக் 1784ல ஆரம்பிச்சது, குடும்பம் 1939ல பழைய கட்டடங்களைக் காப்பாத்துற நேஷனல் டிரஸ்ட்டுக்குக் கொடுத்துட்டாங்க. மில் புத்தகத்தை மட்டும் படிச்சா ஒரு கட்டுக்கோப்பான பஞ்சாலை. குடும்பப் பேப்பர் பக்கம் போனாதான் அதே ஆளுக்கு டொமினிக்கா தீவுல ஹில்ஸ்பரோன்னு அடிமைகள் வேலை செஞ்ச தோட்டம் சொத்தா இருந்தது தெரியும். மில் லெட்ஜர் பொய் சொல்லல, அதை யாரும் அந்தக் கேள்வி கேக்கல, அவ்வளவுதான்.

சம்பளப் புத்தகத்துக்கு வரேன், உங்க கேள்வியோட கடைசி வரிக்குப் பதில் இங்கதான் இருக்கு. தொகையை நம்பலாம்னு சொன்னேன். ஆனா படிக்கத் தெரியணும். பிரிட்டிஷ் புத்தகம்னா 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு, மூணு நெடுவரிசையா போகும். புதுசா வர்றவங்க கண்டிப்பா விழுற ஒரு குழி சொல்றேன், எண்ணுக்குப் பக்கத்துல சின்னதா 'எஸ்' போட்டு 40ன்னு இருந்தா அது 40 ஷில்லிங் இல்லாம 40ஆம் நம்பர் நூலா இருக்கலாம். 840 கஜம் ஒரு சிட்டம், ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை சிட்டம் நிக்குதோ அதுதான் நூல் நம்பர், நம்பர் ஏற ஏற நூல் மெல்லிசு. ஒருத்தர் ஆராய்ச்சியில ஒரு நூற்பாளி வாரத்துக்கு 60 ஷில்லிங் வாங்கினதா எழுதி, அந்தக் காலத்துக்கு அது எவ்வளவு பெரிய சம்பளம்னு ஒரு அத்தியாயமே ஓட்டியிருந்தார், பாவம், அது அந்த ஆள் நூத்த நூலோட நம்பர். கூடவே, பீஸ் ரேட்டா (செஞ்ச அளவுக்குக் கூலி) வாரச் சம்பளமான்னு பிரிச்சுப் பாக்கணும். 1861லேர்ந்து 1865 வரைக்கும் அமெரிக்க உள்நாட்டுப் போரால லங்காஷயர்ல பஞ்சுப் பஞ்சம், அமெரிக்கப் பஞ்சுக்குப் பதிலா சூரத் பஞ்சு வந்துச்சு, இழை குட்டை, குப்பை ஜாஸ்தி, நூல் சும்மா சும்மா அறும். அந்த வருஷங்கள்ல பல புத்தகத்துல ரேட்டு மாறியிருக்காது, ஆனா கையில வாங்கின காசு குறைஞ்சிருக்கும், ஏன்னா அறுந்த நூலை முடிச்சு போட்டுட்டே இருந்தா எடை எங்க ஏறும். ரேட்டு வரிசையை மட்டும் காப்பி பண்ணிட்டு வந்தீங்கன்னா சம்பளம் குறையவே இல்லன்னு எழுதிடுவீங்க.

பேரைத் தேடுறதுலயும் இதே மாதிரி ஒரு சிக்கல். அமெரிக்காவுல ரோட் ஐலண்ட்ல சாமுவேல் ஸ்லேட்டர், இந்த ஸ்ட்ரட் குடும்பத்து மில்லுல அப்ரெண்டிஸா தொழில் கத்துக்கிட்டு 1789ல கப்பல் ஏறினவர், குடும்பத்தோட ஆள் எடுக்கிற பழக்கத்தைக் கொண்டு வந்தார், அப்பன் பேர்ல ஒப்பந்தம், புள்ளைங்க கூலியும் அப்பன் கணக்குல. அந்தப் பேப்பர்கள் இப்ப ஹார்வர்டுல பேக்கர் நூலகத்துல இருக்கு. அந்த மாதிரி புத்தகத்துல ஒரு ஆம்பளை பேருக்கு நேரா பெரிய தொகை இருந்தா அது நாலு சின்னக் கைங்க சம்பாதிச்சதா இருக்கலாம், பொண்டாட்டி பேரும் பொண்ணு பேரும் வரவே வராது. 'பெண்கள் வேலை செய்யல'ன்னு முடிவு கட்டறது இப்படித்தான் ஆரம்பிக்குது.

வயசு எழுதின வரிசை பத்தி தனியாச் சொல்லணும். இங்கிலாந்துல 1833 ஃபேக்டரி சட்டம் பஞ்சாலையில 9 வயசுக்குக் கீழ ஆள் எடுக்கக்கூடாதுன்னுச்சு, அதுக்கு மேல இருக்கிற சின்னப் பசங்களுக்கு வாரத்துக்கு 48 மணி நேரம்னு எல்லை வச்சுது. ஆனா அரசாங்கமே பிறப்பைப் பதிய ஆரம்பிச்சது 1837லதான், அதனால அந்தப் பசங்களுக்கு காட்ட ஒரு காகிதமும் கிடையாது, சர்ச் ஞானஸ்நான ஏடு இருந்தா உண்டு. டாக்டர் பையனைப் பாத்து 9 வயசுக்காரனோட சாதாரண பலமும் தோற்றமும் இருக்குன்னு எழுதிக் கொடுத்தா போதும். உயரத்தை வச்சு சொல்லலாமா, பல்லை வச்சு சொல்லலாமான்னு அப்ப டாக்டர்கள் நடுவுல பெரிய விவாதமே ஓடுச்சு. அதனால ரெஜிஸ்டர்ல வரிசையா 9, 9, 9, 13, 13னு இருந்தா அது பசங்க வயசு இல்ல, சட்டத்தோட வயசு. நான் இந்த எண்ணை எடுத்துக்கறது ஒரே ஒரு விஷயத்துக்கு, எந்த வருஷத்துலேர்ந்து எண்கள் இப்படி ஒரே இடத்துல குவிய ஆரம்பிக்குதுன்னு பாப்பேன், இன்ஸ்பெக்டர் பயம் எப்ப வந்துச்சுன்னு தெரிஞ்சுடும்.

அபராதப் புத்தகம் கெடச்சா விடாதீங்க. பெல்ப்பர், மில்ஃபோர்டு மில்லுகள்ல 1805லேர்ந்து 1813 வரைக்கும் எதுக்கெல்லாம் காசு பிடிச்சாங்கன்னு ஸ்ட்ரட் கம்பெனி எழுதி வச்சது மிஞ்சியிருக்கு. ஜன்னல் வழியா சிப்பாய்ங்களைக் கூப்பிட்டதுக்கு, ஒருத்தரோட நாயை வெந்நீர் வாளியில போட்டதுக்கு, மூஞ்சில ரத்தத்தைப் பூசிகிட்டு ஊரைச் சுத்தி பயமுறுத்தினதுக்கு, தன் அசிங்கமான மூஞ்சியைக் காட்டி இன்னொருத்தரை மிரட்டினதுக்கு, எல்லாத்துக்கும் அபராதம். முதல் தடவை படிச்சப்ப நான் சத்தமா சிரிச்சுட்டேன், ரீடிங் ரூம்ல எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. அப்புறம்தான் உறைச்சது, பன்னெண்டு மணி நேரம் ஒரே மெஷின் முன்னாடி நிக்கிற சின்னப் பொண்ணுங்க ஜன்னல் வெளியே எட்டிப் பாத்த அந்த ஒரு நிமிஷம் வேற எந்த ரெக்கார்டுலயும் இருக்காது. இதை எழுதினது சூப்பர்வைசர், எதுக்கு அவருக்குக் கோபம் வந்துச்சுங்கிறதுக்கு இது நூத்துக்கு நூறு சாட்சி. எது அடிக்கடி நடந்துச்சுங்கிறதுக்கு சாட்சி இல்ல, கண்ணுல படாததுக்கு அபராதம் எழுத முடியாதே.

ஒரே சம்பவத்துக்கு ரெண்டு பேப்பர் வேற வேற இடத்துல கெடச்சா அதை விட வேற என்ன வேணும். குவாரி பேங்க்லேர்ந்து 1806ல ரெண்டு அப்ரெண்டிஸ் பசங்க ஓடிப் போனாங்க, ஜோசஃப் செஃப்டனுக்கு 17, தாமஸ் பிரீஸ்ட்லிக்கு 13. மில்லைப் பொறுத்தவரைக்கும் அது ஒப்பந்தத்தை மீறினது, அவ்வளவுதான். ஆனா லண்டன் பக்கம் மிடில்செக்ஸ் மாஜிஸ்திரேட் முன்னாடி பசங்க சொன்னது எழுத்துல இருக்கு. பிரீஸ்ட்லியோட இடது கை ஆள்காட்டி விரல் மெஷின்ல மாட்டி பிஞ்சு போச்சு, குணமாகிட்டு இருந்தப்ப அம்மாவைப் பாக்கணும்னு தோணிச்சு, நடந்தே கெளம்பிட்டான். சாப்பாடு, படுக்கை, வேலை நேரம் எல்லாத்தையும் அமைதியாச் சொல்றாங்க, பெருசா குறைகூட சொல்லல. அந்த விவரம் மில் புத்தகத்துக்குள்ள எங்க தேடினாலும் கெடைக்காது. அதனால உங்க வேலையில பாதி நேரம் இந்த 140 பெட்டிக்கு வெளிய போகணும், கோர்ட் ரெக்கார்டு, சர்ச் ஏடு, ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் அறிக்கை, உள்ளூர் பேப்பர். மில் ரெக்கார்டுல ஒரு தேதியும் பேரும் எடுத்துகிட்டு அங்க போங்க. சும்மா போனா கடல்ல ஊசி தேடுற கதைதான்.

கடிதப் புத்தகம் பத்தி சுருக்கமா. ஜேம்ஸ் வாட் 1780ல கடிதத்தை நகல் எடுக்கிற பிரஸ்ஸுக்கு பேடண்ட் வாங்கினார், மை ஈரத்தை மெல்லிசு டிஷ்யூ தாள்ல அழுத்தி எடுக்கிறது, எழுத்து பின்பக்கத்துலேர்ந்து தெரியும். அந்தத் தாள் மங்கி, ஒண்ணோட ஒண்ணு ஒட்டியிருக்கும், பின்னாடி ஒரு வெள்ளைத் தாள் வச்சா படிக்க வரும், பிரிக்க முயற்சி பண்ணாதீங்க, ஊழியரைக் கூப்பிடுங்க. உள்ள இருக்கிறது நம்ம பக்கத்துக் கடிதம் மட்டும், எதிராளி பதில் வேற கட்டுல இருக்கும், இல்ல இருக்காது. வாங்குறவனுக்கு எழுதின கடிதத்துல 'பஞ்சு விலை தாறுமாறா ஏறிடுச்சு, எங்களுக்கு மிச்சமே இல்ல'ன்னு இருந்தா அது விலை பேசுறது, அதை அப்படியே வரலாறா எழுதாதீங்க. அண்ணன் தம்பிக்கு எழுதினதுல அதே வாரம் வேற மாதிரி இருக்கும். விலை இடத்துல எண்ணுக்குப் பதிலா அர்த்தமில்லாத எழுத்துகள் இருந்தா பயப்படாதீங்க, ஒரே எழுத்து ரெண்டு தடவை வராத பத்து எழுத்து வார்த்தை ஒண்ணை எடுத்து 1லேர்ந்து 0 வரைக்கும் பொருத்தி அடக்க விலையை மறைக்கிற பழக்கம் வியாபாரிகள்கிட்ட உண்டு. விலை எண்ணுல எழுதின இன்வாய்ஸ் ஒண்ணு கெடச்சா, மத்தது ஒரு மதியத்துல உடைஞ்சுடும்.

சாம்பிள் புத்தகம் தான் எல்லாருக்கும் பிடிச்சது, எனக்கும். துணித் துண்டு ஒட்டி, பாவு (நெடுக்கு நூல்) என்ன நம்பர், ஊடை (குறுக்கு நூல்) என்ன நம்பர், சாயக் குறிப்பு, யாருக்கு அனுப்பினதுன்னு எழுதியிருக்கும். வெளிச்சம் படாம மூடியே இருந்ததால ஒரு சிவப்பு நேத்து முக்கின மாதிரி இருக்கும். துணியைப் பத்தி அது பொய் சொல்லாது, துணியே அங்க இருக்கே. தேதிதான் வில்லங்கம். என் சொந்தத் தப்பைச் சொல்றேன். ஆரம்பத்துல ஒரு புத்தகத்துக்கு முதல் பக்கத்துல இருந்த வருஷத்தைப் பாத்து தேதி போட்டு கேட்லாக்ல ஏத்திட்டேன். ஆறு வருஷம் கழிச்சு ஒரு துண்டோட மூலை பசை விட்டு எழும்பியிருந்துச்சு, அடியில பாத்தா வேற கையெழுத்து, பேரு, கூலி, பேரு, கூலி. பழைய சம்பளப் புத்தகத்தை வீணாக்காம அதுமேல சாம்பிளை ஒட்டியிருக்காங்க, நான் போட்ட வருஷம் அடியில இருக்கிற புத்தகத்தோடது, துணி அதுக்கு முப்பது நாப்பது வருஷம் பின்னாடி. அதுக்குள்ள என் தேதியை நம்பி ரெண்டு பேர் கட்டுரை எழுதியிருந்தாங்க, ரெண்டு பேருக்கும் கடிதம் போட்டேன், ஒருத்தர் பதிலே போடல. அதனால கேட்லாக் தேதியையும் நம்பாதீங்க, எங்களை மாதிரி ஆளுங்க போடுறதுதானே அது.

தேதியை உறுதிப்படுத்த சாயம் உதவும், பாதி தூரம். பெர்கின்ங்கிறவர் 'மாவ்'ங்கிற ஊதா நிறச் செயற்கைச் சாயத்தைக் கண்டுபிடிச்சது 1856, அதனால அந்த வகை அனிலின் சாயக் குறிப்பு இருந்தா அந்தப் பக்கம் அதுக்கு முன்னாடி போக முடியாது, இது உறுதி. மஞ்சிட்டி வேர்ல இருந்து எடுத்த சிவப்பை, அதாவது அலிசரினை, செயற்கையா செய்யற வழி 1868, 69ல வந்துச்சு, செயற்கை அவுரி நீலம் 1897ல மார்க்கெட்டுக்கு வந்துச்சு. ஆனா 'அலிசரின்'னு ஒரு வார்த்தை இருக்குன்னு உடனே 1869க்கு அப்புறம்னு தீர்ப்பு எழுதிடாதீங்க, அந்தப் பேரு 1826லயே வேர்ல இருந்து பிரிச்செடுத்த பொருளுக்கு வச்சது. கண்ணால பாத்து 'இது இயற்கைச் சாயம்'னு சொல்றதை நான் எப்பவோ விட்டுட்டேன், நான் பேப்பர் ஆளு, அது லேப்ல செய்யற வேலை. பிரிட்டிஷ் மில்லா இருந்தா இன்னொரு பலமான வழி இருக்கு, டிசைன் ரெஜிஸ்ட்ரேஷன். 1842லேர்ந்து 1883 வரைக்கும் பதிவு பண்ண டிசைனுக்கு வைர வடிவ முத்திரை, உச்சிக்கு மேல ஒரு வட்டத்துல வகை எண், மூலைகள்ல வருஷம் மாசத்துக்கு எழுத்து, நாளுக்கு எண், 1868லேர்ந்து வருஷ எழுத்து உச்சி மூலையிலேர்ந்து வலது பக்கம் மாறும். 1884லேர்ந்து வெறும் வரிசை எண். பதிவு பண்ணப்ப கொடுத்த துணித் துண்டுகள் லண்டன்ல கியூங்கிற இடத்துல இருக்கிற தேசிய ஆவணக் காப்பகத்துல இன்னைக்கும் இருக்கு. உங்க சாம்பிளும் அங்க இருக்கிறதும் பொருந்தினா நாள் வரைக்கும் தேதி கெடச்சாச்சு, ஆனா அது டிசைனை பதிஞ்ச நாள், நெய்ய ஆரம்பிச்ச நாளோ நிறுத்தின நாளோ இல்ல.

ஒரு எச்சரிக்கை, இது சும்மா சொல்லல. 19ஆம் நூற்றாண்டு பளிச் பச்சையில ஆர்சனிக் இருக்கலாம், அந்தப் பக்கங்களை வெறும் கையால தடவாதீங்க, நைட்ரைல் கையுறை கேளுங்க, விரலை எச்சில் தொட்டு பக்கம் திருப்புற பழக்கம் இருந்தா அன்னைக்கு மறந்துடுங்க. இரும்பு சேத்துப் பிடிக்கவச்ச கறுப்பும் பழுப்பும் துணியைத் தானே தின்னுடும், பூப் போட்ட துண்டுல கோடு மட்டும் காணாமப் போய் ஓட்டையா நிக்கும், அது பூச்சி இல்ல. தோல் அட்டை சிவப்பாப் பொடியா உதிர்ந்தா சட்டை பாழாகும், வெள்ளை போட்டுட்டுப் போகாதீங்க.

விற்பனைப் புத்தகத்தை ஒரு நீள வரிசையா வச்சுப் பாக்கறதையும் சொல்லிடறேன். எஸ்ஸெக்ஸ்ல கோர்ட்டால்ட் குடும்பம், கறுப்புப் பட்டு கிரேப் துணிதான் அவங்க உயிர்நாடி, துக்கத்துக்குப் போடுறது. 1861ல விக்டோரியா ராணியோட புருஷன் ஆல்பர்ட் இறந்தப்புறம் துக்க உடை இன்னும் பெருசா ஆச்சு, நூற்றாண்டு கடைசியில அந்தப் பழக்கமே தளர்ந்து கிரேப் வியாபாரம் படுத்துச்சு, 1904ல விஸ்கோஸ் செய்யற உரிமையை வாங்கி செயற்கைப் பட்டுக்குப் போனாங்க. இப்படி ஒரு திருப்பம் வருஷா வருஷம் எழுதின அறிக்கையில தெரியாது, அதுல எல்லா வருஷமும் 'தற்காலிக மந்தம்'தான். எந்தத் துணி எத்தனை கஜம் போச்சுன்னு இருபது வருஷத்தை ஒரே தாள்ல எழுதினாதான் சரிவு கண்ணுல படும்.

இதுல கெடைக்காதது எதுன்னும் சொல்லணும். மில் சுவருக்கு வெளிய வீட்டுல தறி போட்டு நெய்தவங்க ஒரு எண்ணா, ஒரு தொகையா வருவாங்க, மனுஷனா வர மாட்டாங்க. வேலைநிறுத்தம் நடந்த வாரம் சம்பளப் புத்தகத்துல பக்கம் காலியா இருக்கும், ஏன்னு இருக்காது. வேலையை விட்டுப் போனவங்க எங்க போனாங்கன்னு இருக்காது. நூற்றாண்டு மலர்ல தாத்தா ரெண்டு காசோட ஊருக்கு வந்தார்னு ஒரு கதை இருக்கும், அதை பார்ட்னர்ஷிப் பத்திரத்துல முதல் போட்ட தொகையோட பக்கத்துல வச்சுப் பாருங்க, நான் இதுவரைக்கும் பாத்ததுல பெரும்பாலும் ரெண்டு காசு இல்ல, மாமனாரோட பணம்.

எங்க ஆரம்பிக்கிறதுன்னும் கேட்டிருந்தீங்க. முதல் நாளே லெட்ஜர் கேக்காதீங்க, தலை சுத்தி ரெண்டாவது நாள் போக மாட்டீங்க. முதல்ல பார்ட்னர்ஷிப் பத்திரங்கள், யாரு யாருன்னு பிடிபடும். அப்புறம் ஒரே ஒரு வருஷம் எடுத்துக்குங்க, எல்லா வகைப் புத்தகமும் மிஞ்சியிருக்கிற ஒரு வருஷம், அந்த வருஷத்துக்கு சம்பளம், ரொக்கம், கடிதம், சாம்பிள், அபராதம் எல்லாத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒரு மாசமாவது ஓட்டுங்க. ஒரே ஒரு நூல் ஆர்டரை கடிதத்துல பிடிச்சு, பஞ்சு வாங்கினதுலேர்ந்து கூலி கொடுத்து, சாம்பிள் ஒட்டி, பணம் வந்து சேர்ற வரைக்கும் துரத்திப் பாத்துட்டீங்கன்னா அந்த மில் கணக்கு எழுதுற பாணி கைக்கு வந்துடும், மத்த வருஷம் எல்லாம் வேகமா போகும். ஒண்ணு மட்டும் இப்பவே பண்ணுங்க, கேட்லாக்ல கடைசி பத்து பெட்டிக்கு என்ன பேர் போட்டிருக்குன்னு பாத்து இங்க எழுதுங்க. 'இதர'ன்னோ 'பிரிக்கப்படாதவை'ன்னோ இருந்தா அது எங்களை மாதிரி ஆளுங்க களைச்சுப் போய் மூடி வச்ச பெட்டி, பூட்டு போட்ட பிரைவேட் லெட்ஜர் சாவி இல்லாம அதுலதான் பல தடவை கெடந்திருக்கு.